பன்றிக்குக் கிடைத்த சட்டம்: ‘தி ஜங்கிள்’ நாவலும் சிகாகோ கசாப்புத் தொழிலாளிகளும்

1906 ஜூன் 4-ஆம் தேதி அமெரிக்கக் காங்கிரஸின் முன் வைக்கப்பட்ட அரசு அறிக்கை ஒன்றில் ஒரு பன்றி வருகிறது. சிகாகோவின் கசாப்புக் கூடத்தில் அப்போதுதான் அறுத்துக் கழுவி, குளிரறைக்கு அனுப்பத் தொங்கவிட்ட பன்றி. தலைக்கு மேல் ஓடும் தண்டவாளத்திலிருந்து நழுவி அழுக்கு மரத்தரையில் விழுகிறது. வழுக்கிக்கொண்டு போய், பாதி உடம்பு ஆண்கள் கழிப்பறைக்குள் கிடக்கிறது. இரண்டு தொழிலாளிகள் அதைத் தூக்கி வந்து மற்ற பன்றிகளோடு சேர்த்து மாட்டுகிறார்கள். கழுவவில்லை. வரிசை நகர்கிறது.

அறிக்கையை எழுதியவர்கள் இருவர். சார்லஸ் நீல் தொழிலாளர் துறை ஆணையர். ஜேம்ஸ் ரெனால்ட்ஸ் சமூகப் பணியாளர். ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் அனுப்பி வைத்த ஆட்கள். அறிக்கை வெளியான 26-ஆம் நாள், ஜூன் 30-ஆம் தேதி, இறைச்சிச் சோதனைச் சட்டம் கையெழுத்தானது. அதே நாளில் கலப்பட உணவையும் மருந்தையும் தடுக்கும் சட்டமும் வந்தது. அப்டன் சிங்க்ளேர் எழுதிய ‘தி ஜங்கிள்’ என்ற ஒரு நாவல் கிளப்பிய புயலில் நான்கே மாதங்களில் இவ்வளவும் நடந்தன. இலக்கிய வரலாற்றில் இப்படி இன்னொன்றைத் தேடிப் பிடிப்பது சிரமம்.

அந்தப் பன்றிக்கு ஒரு சட்டம் கிடைத்தது. அதைத் தூக்கி மாட்டிய இரண்டு பேருக்கு என்ன கிடைத்தது? நாவல் எழுதப்பட்டது அந்த இரண்டு பேருக்காகத்தான் என்பதால் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும்.

தோற்றுப்போன வேலைநிறுத்தம்

சிகாகோவின் தெற்கில் யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ் என்ற மாபெரும் கால்நடைக் கொட்டடி 1865 கிறிஸ்துமஸ் நாளில் திறக்கப்பட்டது. மேற்கிலிருந்து ரயிலில் மாடும் பன்றியும் ஆடும் வந்து இறங்கும். இறைச்சியாகவும் டின்னாகவும் கொழுப்பாகவும் உரமாகவும் வெளியே போகும். பன்றியின் கத்தலைத் தவிர எதையும் வீணாக்குவதில்லை என்று கம்பெனிகள் பெருமை பேசிக்கொண்டன. கழிவை வாங்கிக்கொண்ட சிகாகோ ஆற்றின் கிளைக்குக் ‘குமிழி ஓடை’ என்று பெயர்; அழுகும் குடலிலிருந்து எழும் வாயு தண்ணீரில் கொப்பளித்துக்கொண்டே இருந்ததால் வந்த பெயர்.

ஒரு மாட்டை முழுதாக அறுத்துப் பிரிக்கத் தெரிந்தவன் கைத்தொழிலாளி. அவனுக்கு மரியாதையும் கூலியும் உண்டு. கம்பெனிகள் அந்தத் தொழிலைத் துண்டு துண்டாகப் பிரித்தன. மாடு தொங்கியபடி நகரும். ஒருவன் ஒரே ஒரு வெட்டு வெட்டுவான். அடுத்தவன் இன்னொரு வெட்டு. கார் தொழிற்சாலையில் நகரும் வரிசையை அமைக்க இந்தச் சிகாகோ முறைதான் யோசனை தந்தது என்று ஹென்றி ஃபோர்டே பிற்பாடு எழுதினார். ஃபோர்டு காரைக் கோத்தார், இவர்கள் மாட்டைக் கழற்றினார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஒரே வெட்டைக் கற்றுக்கொள்ள அரை நாள் போதும் என்று ஆனபின், நேற்றுக் கப்பலிலிருந்து இறங்கியவனும் இன்று காலை வாசலில் நிற்கலாம். நின்றார்கள். ஐரிஷ்காரர், ஜெர்மானியர், பொஹீமியர், போலந்துக்காரர், லிதுவேனியர், ஸ்லோவாக்கியர் என்று ஒவ்வோர் அலையும் முந்தைய அலையை இன்னும் குறைந்த கூலிக்கு இடித்துத் தள்ளியது.

1904 ஜூலையில் இறைச்சி வெட்டுவோர் சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்தது. கோரிக்கை, தேர்ச்சியற்ற தொழிலாளிக்கு மணிக்கு 18½ சென்ட் கூலி. கத்தி பிடிக்கத் தெரிந்த பழைய ஆட்கள், துடைப்பமும் வண்டியும் தள்ளுகிற புதிய ஆட்களுக்காகக் கத்தியைக் கீழே வைத்தார்கள். வேலைநிறுத்தத்தை உடைக்க, மாற்றாள்களாக வேலைக்கு வரும் கருங்காலிகளைக் கம்பெனிகள் ரயில் ரயிலாக இறக்கின. தெற்கிலிருந்து கூட்டிவரப்பட்ட கறுப்பினத்தவர்களும் அவர்களில் ஏராளம். செப்டம்பரில் சங்கம் தோற்றது.

தோற்றவர்களை நோக்கி, வேலைநிறுத்தத்தில் தோற்றுவிட்டீர்கள், இனி என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டு ஒரு சோஷலிச வார இதழில் கட்டுரை வந்தது. இதழ், கன்சாஸ் மாநிலத்தின் ஜிரார்டு என்ற சிற்றூரிலிருந்து வந்த ‘அப்பீல் டு ரீசன்’. எழுதியவர் அப்டன் சிங்க்ளேர், வயது 26. அடிமை முறையைப் பற்றி அப்போதுதான் ஒரு நாவல் எழுதி முடித்திருந்தார். கறுப்பு அடிமையைப் பற்றி எழுதிவிட்டீர்கள், கூலி அடிமையைப் பற்றி எழுதுங்கள் என்று இதழாசிரியர் ஃபிரெட் வாரன் 500 டாலர் முன்பணம் தந்தார்.

ஏழு வாரம்

1904-இன் கடைசி மாதங்களில் சிகாகோவுக்குப் போன சிங்க்ளேர் ஏழு வாரம் அங்கே இருந்தார். பழைய சட்டையும் கையில் சாப்பாட்டுத் தூக்கும் இருந்தால் எந்த வாசலிலும் யாரும் தடுப்பதில்லை என்று சீக்கிரமே கண்டுகொண்டார். தொழிலாளிகளோடும் வக்கீல்களோடும் வைத்தியர்களோடும் சாராயக்கடைக்காரர்களோடும் பேசினார். ‘லான்செட்’ மருத்துவ இதழுக்காக அதே கொட்டடியை ஆராய வந்திருந்த அடால்ஃப் ஸ்மித் என்ற ஆங்கிலேயர், தான் பார்த்தவற்றைப் பகிர்ந்துகொண்டார்.

தகவல் குவிந்துவிட்டது, கதைதான் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாராயக்கடையின் பின்கூடத்தில் ஒரு லிதுவேனியக் கல்யாணம். எட்டிப் பார்த்த அந்நியரை உள்ளே அழைத்தார்கள். சுவரோரம் உட்கார்ந்தவர் நள்ளிரவு தாண்டும் வரை எழுந்திருக்கவில்லை. மணப்பெண், மாப்பிள்ளை, பாட்டி, குழந்தைகள், பிடில்காரர் எல்லோரும் அவர் தலைக்குள் பாத்திரங்கள் ஆனார்கள். கிறிஸ்துமஸ் அன்று நியூ ஜெர்சியில் தன் குளிர்ந்த குடிலில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். வெளித்தோற்றத்தில் கசாப்புத் தொழிலாளியின் குடும்பம், உள்ளே என் குடும்பத்தின் கதைதான் என்று பிற்பாடு ஒப்புக்கொண்டார். பண முடையும் குளிரும் மனைவியின் நோயும் அவர் வீட்டிலேயே இருந்தன. நாவலின் முதல் பாதியில் இருக்கும் சூடு அங்கிருந்து வந்தது என்று நான் நம்புகிறேன்.

மொய் எழுதாத கல்யாணம்

நாவல் அந்தக் கல்யாணத்தில்தான் தொடங்குகிறது. யுர்கிஸ் மாப்பிள்ளை, ஓனா பெண். விருந்துக்கு யார் வந்தாலும் சாப்பிடலாம். மணப்பெண்ணோடு ஒவ்வோர் ஆணும் ஆடுவான். ஆடி முடித்ததும் ஓனாவின் மாற்றாந்தாய் எல்ஸ்பியேட்டாவின் முன்னால் போய் முடிந்த பணத்தைப் போடுவான். ஊரே சேர்ந்து கல்யாணச் செலவைத் தாங்கும் வழக்கம். நம்முடைய மொய்தான், நோட்டுப் புத்தகம் மட்டும் இல்லை.

ஆனால் இது லிதுவேனியக் காடு அல்ல, சிகாகோ. இளைஞர்கள் கூட்டமாக வருகிறார்கள், வயிறு முட்டத் தின்கிறார்கள், பெண்ணோடு ஆடுகிறார்கள், பணம் போடாமல் கும்பலாக நழுவுகிறார்கள். சாராயக்கடைக்காரன் பாதி காலியான பீப்பாய்க்கு முழு விலை போடுகிறான். செலவு 300 டாலரைத் தொடலாம். கூடத்தில் இருக்கும் பலருக்கு அது ஒரு வருட வருமானத்துக்கும் மேல். நான் இன்னும் கடினமாக உழைக்கிறேன் என்று யுர்கிஸ் ஓனாவைத் தேற்றுகிறான்.

ஒரு சமுதாயம் எப்படி உடைகிறது என்பதைப் புள்ளிவிவரம் இல்லாமல் சொல்லும் அத்தியாயம் இது. கூலிக் குறைப்பைப் பற்றிப் பேசுமுன், மொய் நின்றுபோனதைக் காட்டுகிறார் சிங்க்ளேர். கசாப்புக் கூடம் இன்னும் வரவே இல்லை. புத்தகத்தில் இதைவிடச் சிறந்த இடம் கிடையாது என்பது என் அபிப்பிராயம்.

புதிய வீடு

அடுத்து வீடு. பல மொழிகளில் அச்சிட்ட துண்டுப் பிரசுரம் ஒன்று, ஏன் வாடகை கொடுக்கிறீர்கள், சொந்த வீடு வாங்கலாமே என்று கேட்கிறது. விலை 1,500 டாலர். 300 டாலர் முன்பணம், மாதம் 12 டாலர் தவணை. பெயின்ட் வாசனை மாறாத புதிய வீடு.

பத்திரத்தில் கையெழுத்துப் போடும் நேரத்தில் ‘வாடகை’ என்ற சொல் கண்ணில் படுகிறது. கலவரமாகிறார்கள். வக்கீலைக் கூட்டி வருகிறார்கள்; அவரோ தரகரைப் பெயர் சொல்லி அழைக்கிறார். கடைசித் தவணை கட்டும்வரை பத்திரம் அப்படித்தான் இருக்கும் என்கிறார். வந்தவர்கள் ரஷ்யப் பேரரசின் கீழிருந்த நாட்டுக்காரர்கள். 1864 முதல் 1904 வரை, நாற்பது வருடம், தங்கள் மொழியை லத்தீன் எழுத்தில் அச்சிடவே தடை இருந்த நாடு அது. அப்படிப்பட்டவர்களின் கையில் ஆங்கிலப் பத்திரம். கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

சில நாளில் பக்கத்து வீட்டுப் பாட்டி கணக்கைப் பிரித்துச் சொல்கிறாள். வீடு புதிதல்ல, பதினைந்து வருடம் பழையது. ஒவ்வொரு முறையும் பெயின்ட் அடிப்பார்கள். கட்ட 500 டாலர்கூட ஆகியிருக்காது. முன்பு வந்த குடும்பங்களில் ஒருவனுக்குக் கை போகும், இன்னொருவன் செத்துப்போவான், தவணை தவறும், வீடும் கட்டிய பணமும் கம்பெனிக்கே. கிழவி கடைசியாகக் கேட்கிறாள், வட்டியைச் சேர்த்தீர்களா என்று. வருடத்துக்கு 7 சதவீதம். பாக்கி 1,200 டாலருக்கு மாதம் 7 டாலர் வட்டி, 12 டாலர் தவணை போக. தவணையை மட்டும் கணக்கிட்டவர்களுக்கு வானம் இடிந்து விழுகிறது. பள்ளிக்கூடம் போக வேண்டிய ஸ்டானிஸ்லோவாஸ் என்ற சிறுவன், வயதைக் கூட்டிச் சொல்லி, கொழுப்பு டின் நிரப்பும் இயந்திரத்தின் முன் நிறுத்தப்படுவது இந்த வட்டிக்காகத்தான்.

பின்னால் யுர்கிஸ் ஜெயிலிலிருந்து திரும்பி அந்த வீட்டின் முன் வந்து நிற்கிறான். சாம்பல் நிறமாக இருந்தது மஞ்சளாக மாறியிருக்கிறது. உள்ளேயிருந்து யாரோ ஒரு பையன் எட்டிப் பார்க்கிறான். வீடு மறுபடி புதியதாகிவிட்டது.

கூலியும் நேரமும்

யுர்கிஸுக்கு மணிக்கு 17½ சென்ட். கேட்கப் பரவாயில்லை. ஆனால் காலை ஏழு மணிக்கு வந்து பனியில் உறைந்து நிற்பான். மாடு பிற்பகலில்தான் வரும். நின்ற நேரத்துக்குக் கூலி கிடையாது. முழு மணி நேரம் வேலை செய்தால்தான் கணக்கு. மிச்சமிருக்கும் நிமிடங்கள் முதலாளிக்கு. காலையில் ஒரு நிமிடம் தாமதமானாலோ ஒரு மணிக் கூலி வெட்டு. இரண்டு பக்கமும் முதலாளிக்கே ஆதாயமான இந்தக் கணக்கை வகுத்தவன் நல்ல கெட்டிக்காரன்.

ஒவ்வொரு கூடத்துக்கும் அதற்கென்று ஒரு நோய் இருந்தது. ஊறல் அறையில் அமிலம் விரல் கணுக்களைத் தின்றது. எலும்பு சீவுகிறவனின் கட்டைவிரல் வெட்டுப்பட்டு வெட்டுப்பட்டு வெறும் சதைக்கட்டியானது. குளிரறையில் வாத நோய்; அதில் ஒருவன் தாக்குப்பிடிப்பது அதிகபட்சம் ஐந்து வருடம் என்று பேசிக்கொண்டார்கள். உரக் கூடத்துக்காரனின் நாற்றம் டிராமில் அவன் பக்கத்தில் யாரையும் உட்காரவிடவில்லை. கொதிக்கும் தொட்டிகள் தரையோடு தரையாகத் திறந்து கிடந்த கூடங்களில் ஆட்கள் தவறி விழுந்தார்கள். சில சமயம் நாள்கணக்கில் கவனிக்கப்படாமல், எலும்பு தவிர மற்றெல்லாம் ‘சுத்தமான பன்றிக்கொழுப்பு’ என்ற லேபிளோடு உலகத்துக்குப் போனது என்கிறது நாவல்.

இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் யாராலும் நிரூபிக்க முடியவில்லை. ஊரே ஞாபகம் வைத்துக்கொண்டதும் இதைத்தான்.

அம்பு எப்படித் திசை மாறியது

‘மக்களின் இதயத்தைக் குறிவைத்தேன், தற்செயலாக வயிற்றில் பட்டுவிட்டது’ என்று சிங்க்ளேர் 1906-இலேயே எழுதினார். இந்த நாவலைப் பற்றிப் பேசும் எவரும் இந்த வாக்கியத்தைச் சொல்லாமல் விடுவதில்லை. அது தற்செயல்தானா என்று கேட்பவர்கள் குறைவு. எனக்கு அதில் சந்தேகம் உண்டு.

கொழுப்புத் தொட்டி வாக்கியத்தையே பாருங்கள். ஒரு தொழிலாளி வெந்து செத்திருக்கிறான். வாக்கியம் அங்கே நிற்கவில்லை; அவனைத் தூக்கிக்கொண்டு நேராக வாசகனின் சமையலறைக்குப் போகிறது. செத்தவன் யார், அவன் பெண்டாட்டிக்கு யார் சொன்னார்கள் என்பதெல்லாம் இல்லை. வாசகன் அதிர்வது ஒருவன் செத்துப்போனதற்கு அல்ல, அவனைத் தான் தின்றிருக்கலாமே என்பதற்கு. கெட்ட இறைச்சியைப் பேசும் பக்கங்கள் புத்தகத்தில் மிகச் சிலவே. ஆனால் அவற்றில் வாசகன் கதைக்குள் வந்துவிடுகிறான், தின்பவனாக. மற்ற பக்கங்களில் அவனுக்கு வேலையே இல்லை. யுர்கிஸின் வட்டிக் கணக்கில், அவன் வாடகையில், அவன் தவணையில், நியூயார்க்கில் காலை உணவோடு புத்தகம் படிக்கும் குடும்பத்துக்குப் பங்கிருப்பதாக நாவல் எங்கும் சொல்லவில்லை.

இரண்டாவது கோளாறு சோஷலிசம். கொள்கையைச் சொல்லவில்லை, அதை எழுதிய விதத்தைச் சொல்கிறேன். மனைவியும் குழந்தையும் செத்து, நாடோடியாகி, திருடனாகி, கருங்காலியாகி, பிச்சையெடுக்கும் யுர்கிஸ் குளிருக்கு ஒதுங்கி ஒரு கூட்டத்தில் நுழைந்து தூங்கிப்போகிறான். பக்கத்தில் இருந்த பெண், தோழரே, கொஞ்சம் கேட்டுப் பாருங்கள், உங்களுக்குப் பிடிக்கலாம் என்கிறாள். அவனை ‘தோழரே’ என்று யாரோ அழைப்பது அதுதான் முதல் தடவை. நல்ல இடம். அதற்குப் பின் லிதுவேனிய மொழி பேசும் ஒரு கால்சட்டை தைப்பவர் அவனைத் தன் சமையலறைக்கு அழைத்துப் போய்க் கட்சியை விளக்குகிறாரே, அதுவும் நல்ல இடம். தையல் வேலை சுற்றிக் கிடக்க, தன்னைப் போன்ற இன்னொரு கூலிக்காரன் பேசுகிறான்.

பிறகு பேச்சு படித்தவர்கள் கைக்குப் போய்விடுகிறது. கடைசி அத்தியாயத்தில் ஒரு வீட்டு வரவேற்பறையில் அறிவாளிகள் பக்கம் பக்கமாக எதிர்கால சமுதாயத்தை விவாதிக்கிறார்கள். யுர்கிஸ் மூலையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறான். முன்னூறு பக்கம் நாம் கூடவே நடந்தவன் கடைசியில் பார்வையாளனாகிவிட்டான். 1904 ஜனாதிபதித் தேர்தலில் சோஷலிஸ்ட் வேட்பாளர் யூஜின் டெப்ஸ் வாங்கிய நான்கு லட்சம் வாக்குகளின் உற்சாகத்தில், சிகாகோ நமதாகும் என்ற முழக்கத்தோடு நாவல் முடிகிறது. ஓனாவின் உறவுக்காரி மரியா, அந்த முழக்கம் காதில் விழாத இடத்தில், மார்ஃபின் பழக்கத்தோடு விபசார விடுதியில் இருக்கிறாள். அவளை மீட்க வழி எதுவும் நாவலிடம் இல்லை. அதைப் பற்றி அதற்குப் பெரிய கூச்சமும் இல்லை.

இன்னொன்றையும் மழுப்பாமல் சொல்லவேண்டும். வேலைநிறுத்த அத்தியாயத்தில் கறுப்பினக் கருங்காலிகளைச் சிங்க்ளேர் வர்ணிக்கும் விதம் அருவருப்பானது. லிதுவேனியனைப் பசி விரட்டியதை நூறு பக்கம் புரிந்துகொண்ட பேனா, தெற்கே அலபாமாவிலிருந்து வந்த கறுப்பினத்தவனையும் பசிதான் விரட்டியது என்று ஒரு வரி எழுத மறுக்கிறது. அடிமைகளைப் பற்றி நாவல் எழுதியவரின் பேனா அது.

சட்டம் யாருக்கு

தொடராக 1905-இல் வெளிவந்த நாவலை ஒப்பந்தம் போட்ட மேக்மில்லன் பதிப்பகம் நிராகரித்தது. 1906-இல் டபுள்டே, பேஜ் நிறுவனம், ஒரு வக்கீலைச் சிகாகோவுக்கு அனுப்பிச் சரிபார்த்துவிட்டு வெளியிட்டது. ரூஸ்வெல்ட் சிங்க்ளேருக்கு எழுதிய கடிதத்தில் சோஷலிசத்தைத் திட்டினார். ஆனால் பேராசைக்காரர்களின் அட்டூழியத்துக்கு முடிவு கட்டவேண்டும் என்றும் எழுதினார். அவருக்கே பழைய கணக்கு ஒன்று இருந்தது. 1898 ஸ்பானியப் போரில் வீரர்களுக்குக் கொடுத்த டின் இறைச்சியைத் தின்பதற்குத் தன் தொப்பியைத் தின்னலாம் என்று விசாரணையில் சாட்சி சொன்னவர் அவர்.

செனட்டர் ஆல்பர்ட் பெவரிட்ஜ் கொண்டுவந்த மசோதாவில் இரண்டு பல் இருந்தன. சோதனைச் செலவைக் கம்பெனிகளே கட்டவேண்டும்; டின்னில் தேதி போடவேண்டும். இரண்டையும் கம்பெனிகள் பிடுங்கிப் போட்டன. சோதனைக்கு அரசே வருடம் 30 லட்சம் டாலர் ஒதுக்கியது. ஐரோப்பிய நாடுகள் சந்தேகக் கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்த அமெரிக்க இறைச்சிக்கு இப்போது அரசு முத்திரை கிடைத்தது, மக்கள் வரிப்பணத்தில். சின்னக் கசாப்புக்காரர்களால் புதிய விதிகளைத் தாங்க முடியவில்லை. பெரிய கம்பெனிகளால் முடிந்தது. மணிக் கூலி, வேலை நேரம், வெட்டுப்பட்ட விரல் பற்றிச் சட்டத்தில் ஒரு சொல் இல்லை. கழிப்பறை விதி உண்டு, அதுவும் இறைச்சியைக் காப்பாற்ற.

இறைச்சியைச் சுத்தமாக்கியது நான் என்கிறார்கள், அதுவே பெரும்பாலும் பிரமை. தொழிலாளியின் நிலையை உயர்த்தினேன் என்று பாசாங்குக்குக்கூட யாரும் சொல்வதில்லை என்று சிங்க்ளேர் பிற்பாடு கசந்துகொண்டார். சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தில் விபத்து இழப்பீட்டுச் சட்டம் 1911-இல்தான் வந்தது. எட்டு மணி நேர வேலை 1918-இல், போர்க்கால நெருக்கடியில், நீதிபதி சாமுவேல் ஆல்ஷூலரின் தீர்ப்பாக வந்தது. அதை வாங்கித் தந்தது சங்கம். 1919-இல் சிகாகோவின் இனக் கலவரம் அந்தச் சங்கத்தைப் பிளந்தது. 1937-க்குப் பின் மறுபடி கட்டி, 1943-இல் ஐக்கிய இறைச்சித் தொழிலாளர் சங்கமாக எழுந்தபோது அதன் முதுகெலும்பாக நின்றவர்களில் கறுப்பினத் தொழிலாளிகள் முக்கியமானவர்கள். சிங்க்ளேரின் பேனா மனிதர்களாகவே பார்க்காதவர்களின் பிள்ளைகள்.

புத்தகம் தந்த பணத்தில் சிங்க்ளேர் நியூ ஜெர்சியில் ஹெலிகன் ஹால் என்ற கூட்டு வாழ்க்கைக் குடியிருப்பு அமைத்தார். 1907 மார்ச்சில் அது எரிந்துபோனது. 1934-இல் கலிபோர்னியா ஆளுநர் தேர்தலில் நின்று தோற்றார். 1967 டிசம்பரில், 89 வயதில், சக்கர நாற்காலியில் அவரை வெள்ளை மாளிகைக்கு அழைத்து வந்தார்கள். ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் ஒரு புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். கிழவர் பக்கத்தில் இருந்து பார்த்தார். அதுவும் இறைச்சிச் சட்டம்தான்.